வலது மடிப்பு மேலே

வாஜிமா
1956 பிப்ரவரி 9

மச்சினி மசுனோவுக்கு,

அக்கா வீட்டுக்காரன் தொமேசோ எழுதுறேன். கிழிச்சுப் போடாத. கிழிக்கிறதா இருந்தாலும் படிச்சுட்டுக் கிழி. நாலாப்போட நின்னவன் ஒரு பக்கம் எழுதுறதுன்னா சும்மாவா? விரலெல்லாம் மை.

உன் பொண்ணு சயோவுக்குக் கல்யாணமாமே! எனக்கு யாரு சொன்னா தெரியுமா? காலைச் சந்தையில கருவாடு விக்கிறாளே ஓதொமி, அவ.

"என்னய்யா தொமேசோ, உன் கொழுந்தியா பொண்ண ஏப்ரல்ல தேயிலைக் கடை வீட்டுக்குக் குடுக்குறாங்களாம். கனசாவாவே பேசுது. உனக்குச் சொல்லலியா?"

"சொல்லாம இருப்பாளா? எனக்குத்தான் மறந்துபோச்சு"ன்னேன்.

அவ சிரிச்ச சிரிப்புல கூடையில இருந்த கருவாடெல்லாம் முழிச்சுக்கிச்சு.

சரி, வையத்தான் போற, அதுக்கு முன்னாடி விஷயத்தைச் சொல்லிடுறேன். சயோவோட சீர்ல வைக்க ஒரு பெட்டி அனுப்பியிருக்கேன். கடுதாசி போட்டு வைக்கிற பெட்டி. கொன்ரொகு கனசாவாவுக்கு வர்றான், அவன் கையில குடுத்திருக்கேன். அரக்குல கோடு கீறித் தங்கம் நிரப்புறவன், உனக்குத் தெரிஞ்சவன்தான், காது மட்டும் பெரிசு.

மூடி முழுக்கக் கறுப்பாத்தான் இருக்கும். படம் அடியில படுத்திருக்கு. தங்கப்பொடி தூவி, மேல கறுப்பு அரக்கு பூசி மூடிட்டேன். நம்ம வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாததா? நான் தூவி மூடுவேன், உன் வீட்டுக்காரன் ரொகுஹேய் கரிக்கட்டியால தேய்ச்சுத் திறப்பான். இப்போ அவன் இல்ல. ஆனா அவன் கை உன்கிட்டதான் இருக்குன்னு அங்கேருந்து வர்றவன் எல்லாம் சொல்றான். தேய்.

என்ன படம்னு சொல்ல மாட்டேன். நீ சின்ன வயசுலயே பொட்டலத்த மோந்து பாத்து உள்ள என்ன பணியாரம்னு சொல்றவ. இப்போ மோந்து பாரு.

நானே தேய்ச்சிருப்பேன். இந்த வருஷம் கடல் நுரை காத்துல பறந்து வீட்டுக்குள்ளயே வருது. கண்ணுல ஒட்டிக்கிட்டு எல்லாம் மங்கலாத் தெரியுது. அவ்வளவுதான், வேற ஒண்ணும் இல்ல.

உன் அத்தான்
தொமேசோ


கனசாவா
1956 பிப்ரவரி 18

தொமேசோ அவர்களுக்கு,

பெட்டி பன்னிரண்டாம் தேதி வந்தது. கடிதம் பதினாறாம் தேதி வந்தது. இரண்டையும் கொண்டுவந்தவர் ஒரே ஆள்தான். "குளிருதேன்னு மேல இன்னொரு சட்டை மாட்டினேன்மா, கடுதாசி உள்சட்டைக் கைக்குள்ள மாட்டிக்கிச்சு" என்று கொன்ரொகு அண்ணன் நாலு நாள் கழித்து வந்து தலையைச் சொறிந்தார்.

அந்த நாலு நாள் இந்த வீட்டில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். கல்யாணம் வைத்திருக்கிற வீட்டுக்கு ஒரு பூ இல்லாமல், ஒரு கோடு இல்லாமல், கன்னங்கரேலென்று ஒரு பெட்டி. பத்தொன்பது வருஷமாகப் பேசாத இடத்திலிருந்து.

"அம்மா, பெரியப்பா நம்ம வீட்டுல யாராவது செத்துட்டாங்கன்னு நெனச்சுட்டாரா?" என்று சயோ கேட்டாள்.

"வேற யாருக்கோ போக வேண்டியது மாறி வந்திருக்கும்."

"மேல நம்ம பேருதானேம்மா எழுதியிருக்கு?"

 எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. கடைசியில் என் வீட்டுக்காரர் படத்துக்கு முன்னால் வைத்து, நாலு நாளும் அதற்குச் சேர்த்தே ஊதுபத்தி ஏற்றினேன். கல்யாணப் பெட்டிக்கு!

தேய்க்கிறேன். சயோ ஆசைப்படுகிறாள், அதனால். ஆனால் என்ன படம் என்று தெரியாமல் எப்படித் தேய்ப்பது? எந்த இடத்தில் பொடி கனமாக இருக்கிறது, எந்த இடத்தில் மெல்லிசு, மேலே எத்தனை பூச்சு, இதெல்லாம் தெரிய வேண்டாமா? குறைத்துத் தேய்த்தால் படம் வெளியே வராது. கூடுதலாகத் தேய்த்தால் போயே போய்விடும். போனால் யாரைச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். 1937இல் கோயிலுக்குச் செய்த அந்தத் தட்டில் நிலாப் படம் திட்டுத் திட்டாக வந்தபோது பட்டறை முதலாளி முன்னால் நீங்கள் சொன்னது ஐந்து வார்த்தை: "நான் தூவுனது சரிதான், தேய்ச்சவன்தான் அழுத்திட்டான்." அந்த ஐந்து வார்த்தைக்காகத்தான் நாங்கள் ஊரை விட்டே வந்தோம்.

ஏப்ரல் 14 அன்று மாப்பிள்ளையின் அம்மா, அத்தை, அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் சீர் பார்க்க வருகிறார்கள். அந்த அம்மாள் தேநீர்க் கிண்ணத்தின் அடியைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பவர். அதனால் விளையாடாமல் பதில் எழுதுங்கள்.

மசுனோ


வாஜிமா
1956 பிப்ரவரி 24

தொமேசோ அவர்களின் மச்சினி மசுனோ அவர்களுக்கு,

பாத்தியா, எனக்கும் 'அவர்கள்' போடத் தெரியும்.

உன் கடுதாசிய குராதாதான் படிச்சுக் காட்டினான், நான் சொல்லச் சொல்ல இதையும் அவன்தான் எழுதுறான். பக்கத்து வீட்டுக்காரன், பெட்டிக்கு அடிப்பூச்சு பூசுறவன். என் மூக்குக் கண்ணாடி எங்கயோ போச்சு. ஊதுபத்தி வந்த இடத்துல குராதாவுக்குச் சிரிப்பு தாங்கல. "ஏன்யா, உன் பெட்டிக்குக் கருமாதியே பண்ணிட்டாங்களே!"ன்னு தொடையத் தட்டினான். நானும் சிரிச்சேன். அப்புறம் அந்த நிலா இடம் வந்துச்சு. ரெண்டு பேரும் டீ குடிச்சோம்.

சரி, கேட்டதுக்குப் பதில். மேல ரெண்டு பூச்சு. பொறு, மூணா? அரக்கு ஈரக் காத்துலதானே காயும், ஈரப் பெட்டிக்குள்ள வெச்சது ரெண்டு தடவைன்னு ஞாபகம். மூணாவது தடவை வெச்சது ஊறுகாய் ஜாடியா இருக்கணும். ரெண்டுன்னே வெச்சுக்க. பொடி நடுத்தரம், எல்லா இடத்துலயும் ஒரே கனம். இந்தத் தடவை நல்லாவே தூவியிருக்கேன். பொடி தூவுற மூங்கில் குழாய விரலால தட்டித் தட்டி விரலே மரத்துப்போச்சு.

எங்க ஆரம்பிக்கிறதுன்னு மட்டும் சொல்றேன்: கீழ் ஓரத்துலேருந்து மேல போ. அவசரப்படாத. அவ ஒண்ணும் ஓடிப்போயிட மாட்டா.

ஐயோ, 'அவ'ன்னு சொல்லிட்டேன்! பொண்ணு படம்னு தெரிஞ்சுபோச்சா? குராதா, அத அடிச்சுடுன்னா, இவன் மை தீர்ந்துபோச்சுங்கிறான். போகட்டும், பாதி மோந்துட்ட.

தொமேசோ


கனசாவா
1956 மார்ச் 8

தொமேசோ அவர்களுக்கு,

ஐந்து நாளாகத் தேய்த்தேன். தண்ணீர் தொட்டு, மெத்துக் கரியில் ஆரம்பித்து, உள்ளங்கையால் நாலு தேய்ப்புக்கு ஒருமுறை துடைத்துப் பார்த்து. முதலில் அலை வந்தது. கிமோனோவின் கீழ்க்கரை. என்ன அழகான அலை! சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன், சொல்லிவிட்டேன். அப்புறம் சீப்புப் பிடித்த ஒரு கை. அவிழ்ந்த கூந்தல். நானும் சயோவும் சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருந்தோம். "அம்மா, கல்யாணத்தன்னைக்குக் காலைல பொண்ணு தலை வாருறா" என்று சயோ கையைத் தட்டினாள்.

பிறகு கழுத்துப்பட்டை வந்தது.

வலது மடிப்பு மேலே இருக்கிறது.

துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். பெட்டியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். விளக்கின் கீழே வைத்துப் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் வலதுதான் மேலே. உயிரோடு இருக்கிற யாருக்காவது அப்படிக் கட்டுவார்களா? என் அக்கா நவோவுக்குக் கடைசியாகக் குளிப்பாட்டிக் கட்டியபோது அப்படிக் கட்டினோம். நீங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தீர்கள்.

மணப்பெண்ணின் பெட்டியில் பிணம் தலை வாருகிறது.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. வேண்டுமென்று செய்தீர்களா? என் மேல் இருக்கிற கோபத்தையா என் மகள் தலையில் போடுகிறீர்கள்? இல்லை, அது அக்காவா? மூக்கு அக்கா மூக்கு மாதிரியே இருக்கிறது. அக்காவைத்தான் அனுப்பி வைத்தீர்களா? அப்படியானால் நான் அழ வேண்டுமா, கோபப்பட வேண்டுமா? இல்லை, இதுவும் உங்கள் கிண்டல்களில் ஒன்றா?

சயோ எழுந்து போய், கண்ணாடி முன்னால் நின்று தன் கிமோனோவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிப் பார்த்தாள். சரியாகக் கட்டுகிறோமா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. பிறகு சிரித்தாள், சரியான சிரிப்பில்லை. "அம்மா, கண்ணாடியில பாத்தா நானும் செத்துதாம்மா போயிருக்கேன். வலதுதான் மேல தெரியுது."

பெட்டியைத் துணியில் சுற்றி வைத்துவிட்டேன். ஒரே ஒரு வரி எழுதுங்கள். ஏன்?

மசுனோ


வாஜிமா
1956 மார்ச் 13

மக்கு மச்சினி மசுனோவுக்கு,

ஒரு வரி கேட்ட, நான் ஒரு பக்கம் எழுதுறேன்.

உன் பொண்ணுக்கு இருக்கிற மூளையில பாதி உனக்கு இருந்தா இவ்வளவு அழுதிருப்பியா? அவதான் சரியா சொல்லிட்டாளே. கண்ணாடி! அது கண்ணாடியில தெரியுற பொண்ணு, அம்மா தாயே! தலை வாருறவ எத முன்னாடி வெச்சுக்கிட்டு வாருவா? அடுப்பையா? கண்ணாடிக்குள்ள பாத்தா இடது வலதாத்தானே தெரியும்? இது ஒரு பெரிய வித்தை. எவனுக்கும் வராது. குராதாகிட்ட சொன்னேன், வாயப் பொளந்துட்டான்.

இவ்வளவு யோசிச்சுப் பண்ணினவனப் போயி பிணம்னியே.

கண்ணாடிச் சட்டம் எங்கன்னு கேப்ப. படத்தச் சுத்தி இருந்துச்சே, வட்டமா, மெல்லிசா, வெள்ளிப் பொடியில. ரொம்ப மெல்லிசு. தெரியலியா? தெரியலன்னா... தேய்ச்சப்போ போயிருக்கும். வெள்ளிதானே, போகக் கூடியதுதான். அதுக்கெல்லாம் வருத்தப்படாத. தேயிலைக் கடை அம்மாகிட்ட வாயால சொல்லிடு, "இது கண்ணாடி"ன்னு. நீ சொன்னா யாரு இல்லன்னு சொல்லப் போறா? உன் குரல் அப்படி.

மூக்குக் கண்ணாடி கிடைச்சுது. ஈரப் பெட்டிக்குள்ள இருந்துச்சு. ஆனா போட்டாலும் அதே மாதிரிதான் தெரியுது.

தொமேசோ


கனசாவா
1956 மார்ச் 17

தொமேசோ அவர்களுக்கு,

சட்டம் எந்த இடத்தில் இருந்தது? ஓரத்திலிருந்து எத்தனை விரல்? அகலம் எவ்வளவு? தயவு செய்து சரியாக எழுதுங்கள். என் கை எங்கே அழுத்தியது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

தேய்த்த தண்ணீரைக் கீழே ஊற்றவில்லை, தொட்டியில் வைத்திருந்தேன். அதை வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பார்த்தேன், மூன்று தடவை. கறுப்புச் சேறு இருக்கிறது, கொஞ்சம் தங்கம் இருக்கிறது. வெள்ளி ஒரு துளிகூட மினுங்கவில்லை. அப்படியானால் எங்கே போனது? மினுங்காததாலேயே எனக்குக் குழப்பம் கூடுகிறது. என் கண்ணும் போய்விட்டதா? தேய்க்கும்போது ஒரு வட்டம் கண்ணில் பட்ட மாதிரியும் இருக்கிறது, படாத மாதிரியும் இருக்கிறது. நேற்று சயோவைக் கேட்டேன், "நீ பாத்தியா?" என்று. "பாத்த மாதிரி இருந்துச்சும்மா" என்கிறாள். எனக்காகச் சொல்கிறாள் என்று தெரிகிறது.

என் வீட்டுக்காரர் சாகும்வரை தன் வலது கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே இருப்பார். சாப்பிடும்போது, குளிக்கும்போது, தெருவில் நடக்கும்போதுகூட. நிலாவை அழித்தது அந்த விரல்தான் என்று. "அழுத்துன ஞாபகமே இல்ல மசுனோ, ஆனா அழுத்தாம அது எப்படிப் போவும்?" என்பார். படுக்கையில் கிடந்த கடைசி நாளில், "அந்த நிலாவ நான்தான் தின்னுட்டேன்" என்றார். நான் அவரிடம், "இல்லை, உங்க மேல தப்பில்ல" என்று பதின்மூன்று வருஷம் சண்டை போட்டேன். இப்போது எனக்கே அது நடந்திருக்கிறது. அவர் சொன்னதுதான் உண்மையோ என்னவோ. நம் வீட்டுக் கையே அப்படித்தானோ என்னவோ.

எனக்கு வேலை கொடுக்கும் இரண்டு பட்டறைக்கும் போய், இனிமேல் தேய்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கரிக்கட்டிகளைத் துணியில் கட்டி மேலே போட்டுவிட்டேன். பெட்டியைச் சீரில் வைக்கப் போவதில்லை. அது வராவிட்டால் வேறு பெட்டியும் வேண்டாம் என்று சயோ முரண்டு பிடிக்கிறாள்.

எத்தனை விரல் என்று மட்டும் எழுதுங்கள்.

மசுனோ


வாஜிமா
1956 மார்ச் 22

மசுனோ,

ஒரு விரலும் இல்ல. சட்டமே இல்ல. நான் கண்ணாடியே வரையல.

இதுல கிண்டல் இல்ல. முதல்ல அத எழுதிடணும்னு எழுதினேன். இனி மெதுவா சொல்றேன்.

உன் கடுதாசிய குராதா படிச்சான். நிலாவத் தின்னுட்டேன்னு வந்த இடத்துல நிறுத்திட்டான். "மீதிய நீயே படிச்சுக்கோ"ன்னு வெச்சுட்டு எழுந்து போயிட்டான். எனக்கு எழுத்து தெரியல. ஜன்னலோரம் மூக்குல ஒட்டிப் படிச்சேன். மீதி நாலு வரிக்கு ஒரு பொழுது ஆச்சு.

அப்புறம் படம் வரைஞ்ச மெல்லிசான தாளத் தேடினேன். நமக்குத்தான் வழக்கம் உண்டே, தாள்ல படம் வரைஞ்சு, தாளத் திருப்பி, பின்பக்கமா தெரியுற கோட்டு மேல அரக்கால எழுதி, அந்தப் பக்கத்த மூடி மேல அமுக்கி எடுக்கிறது. திருப்பினாத்தான் படம் நேரா விழும். தாள வெளிச்சத்துல புடிச்சேன். அரக்குக் கோடு முன்பக்கமே இருக்கு. திருப்பவே இல்ல. அறுபது வருஷமா திருப்புற தாள இந்தத் தடவை திருப்பல. படம் மாறி விழுந்திருக்கு, மடிப்பும் மாறிடுச்சு. என் கண்ணுக்கு அது தெரியவும் இல்ல. மேல பூசி மூடி, அனுப்பிட்டு, பெருமையா உக்காந்திருந்தேன். கடல் நுரையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கண்ணு போயிடுச்சு. ஒரு வருஷம் ஆச்சு. குராதாவுக்குத் தெரியும்.

சயோ கண்ணாடி முன்னாடி நின்னான்னு நீ எழுதினப்போ, ஆகா, தப்பிச்சோம்னு புடிச்சுக்கிட்டேன். கேளு, இதுதான் கூத்து: எழுதி முடிச்சப்போ நானே நம்பிட்டேன். மூணு நாள் நிஜமாவே கண்ணாடி வரைஞ்ச மாதிரி ஒரு ஞாபகம். வெள்ளிப் பொடிய எடுத்த மாதிரி, வட்டம் போட்ட மாதிரி. கேக்குறவங்கிட்டயெல்லாம் சொன்னேன். அலமாரியில வெள்ளிப் பொடிப் பொட்டலத்தப் பாத்தேன், போன வருஷத்து முடிச்சு பிரிக்காம அப்படியே கிடக்கு. உன் துணியில எப்படி மினுங்கும்?

அந்த மூக்கு நவோ மூக்குதான். எனக்கு வேற மூக்கு வரையத் தெரியாது. நவோவ அனுப்பல, சயோவத்தான் வரைஞ்சேன்.

நிலாவும் அதே கதைதான். அன்னைக்குத் திருவிழா. வயித்துல ரெண்டு ஜாடி சாராயம் ஏறியிருந்துச்சு. அலையும் புல்லும் முன்னாடியே தூவியாச்சு, நிலா மட்டும் பாக்கி. வெளிய மேளச் சத்தம். சீக்கிரம் போகணும்னு குழாய நாலு தட்டு தட்டிட்டு மூடிட்டேன். நிலாவுல பொடியே பத்தல. ரொகுஹேய் தேய்ச்சா என்ன, புத்தரே வந்து தேய்ச்சா என்ன, இல்லாத நிலா எங்கேருந்து வரும்? முதலாளி பாத்தாரு. வாய்க்கு வந்தது அந்த அஞ்சு வார்த்தை. மறுநாள் சொல்லிக்கலாம்னு நெனச்சேன். மறுநாள் அவன் என்னப் பாத்து, "அண்ணே, மன்னிச்சிரு, உன் நிலாவக் கெடுத்துட்டேன்"னான். அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது? கிண்டல் பண்ணியே நாளக் கடத்திட்டேன்.

முந்தாநாள் அரக்குக்காரங்க கூட்டம். எல்லாப் பட்டறையும் வந்திருந்துச்சு. எழுந்து நின்னு சொன்னேன். "அந்தத் தட்டுல நிலா போனது ரொகுஹேய் கையால இல்ல. நான் போதையில பொடிய கம்மியா தூவினேன்"னு. எல்லாரும் கொல்லுனு சிரிச்சாங்க. "தாத்தா ஆரம்பிச்சுட்டாருடா!"ன்னு ஒருத்தன். "நிலாவ நீயே தின்னுட்டேன்னு சொல்லு, பொருத்தமா இருக்கும்"னு இன்னொருத்தன். நான் கத்தினேன், "நிஜமாதான்டா சொல்றேன்!" இன்னும் சத்தமா சிரிச்சாங்க. சாராயம் ஊத்திக் குடுத்தாங்க. குராதா ஒருத்தன்தான் சிரிக்கல.

அதனால இத எழுதி, கீழ என் முத்திரையும் குத்தியிருக்கேன். குராதாவும் சாட்சியா குத்தியிருக்கான். யாருகிட்ட வேணா காட்டு. ரொகுஹேய்க்கு முதல்ல காட்டு.

உன் கை நல்ல கை. அலைய நீ அழகுன்னு எழுதினியே, அது மேல வந்தது உன்னாலதான். ரெண்டு பட்டறைக்கும் திரும்பப் போ.

பெட்டிய மறுபடி கறுப்பு பூசி மூடிடு. இல்ல உடைச்சுப் போடு. இத்தோட ஒரு பொட்டலம் வெச்சிருக்கேன். நவோ வெட்டி வெச்ச கடற்சிப்பித் துண்டு, பதினோரு துண்டு இருக்கு. முத்துச்சிப்பி மாதிரி நீலமும் பச்சையுமா மினுங்கும், உனக்குத் தெரியும். சயோவுக்கு வேற எதுலயாவது பதிச்சுக் குடு. வெறுங்கையா மன்னிப்பு கேக்கக் கூடாதுன்னு நவோ சொல்லுவா.

தொமேசோ
(முத்திரை)
சாட்சி: குராதா
(முத்திரை)


கனசாவா
1956 ஏப்ரல் 15

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை அவர் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். நிலா வந்த இடத்தை இரண்டு தடவை படித்தேன். பதின்மூன்று வருஷம் நான் சொன்னதை நம்பாத மனுஷர், முத்திரை இருந்தால் நம்புவார். அப்புறம் உங்களை வைதேன். என்ன வைதேன் என்று எழுத மாட்டேன், பக்கத்து வீட்டு அம்மாள் என்னமோ ஏதோ என்று எட்டிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது, அதை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

அன்று நாள் முழுக்க எனக்குக் கோபமா, நிம்மதியா என்று தெரியவில்லை. அரிசியில் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றிவிட்டேன். மறுநாள் காலையில் கரிக்கட்டிகளை இறக்கினேன்.

உடைக்கவில்லை. கறுப்பு பூசவும் இல்லை. நீங்கள் சொன்ன பொய் நல்ல பொய் அத்தான். வீணாகப் போகக் கூடாது என்று தோன்றியது. அக்கா வெட்டின சிப்பியை எடுத்து, படத்தைச் சுற்றி வட்டமாகப் பதித்தேன். அது ஒரு கண்ணாடிச் சட்டம். மேலே பூசி, காய வைத்து, மறுபடி தேய்த்தேன். நானும் சயோவும் பதினெட்டு நாள் வேறு வேலை பார்க்கவில்லை. பதினோரு துண்டு பற்றவில்லை. கீழே ஒரு விரல் இடைவெளி விட்டுப்போனது. அந்த இடத்தில்தான் சீப்பு இருக்கிறது, அதனால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

நேற்று சீர் பார்க்க வந்தார்கள். தேயிலைக் கடை அம்மாள் பெட்டியைக் கையில் எடுத்தார். திருப்பினார். அடியைப் பார்த்தார். உள்ளே பார்த்தார். மூடியைப் பார்த்ததும் முகம் மாறியது. கழுத்துப்பட்டையைத்தான் பார்த்திருக்கிறார். சயோ என் கையைப் பிடித்தாள்.

அப்புறம் அந்த அம்மாளின் விரல் சிப்பி வட்டத்தின் மேல் போனது. ஒரு சுற்று சுற்றியது. சிரித்தார்.

"கண்ணாடியா! அடடா, ஒரு நிமிஷம் என் உசுரே போயிருச்சு. யாரு வேலை இது?"

"பொண்ணு என் அத்தான் வேலைங்க. கண்ணாடி நான் வெச்சது."

"ரெண்டு பேரும் சேந்து திட்டம் போட்டுப் பண்ணீங்களா?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த மாதிரி ஒரு வார்த்தையால்தானே இத்தனையும் வந்தது. "இல்லீங்க. அவருக்குக் கண்ணு தெரியல, தாளத் திருப்ப மறந்துட்டாரு. பொண்ணு செத்தவ மாதிரி வந்துட்டா. அதனால நான் அவளக் கண்ணாடிக்குள்ள போட்டேன்" என்றேன்.

அத்தை ஒருத்தி மூச்சை உள்ளே இழுத்தாள். அந்த அம்மாள் பெட்டியை மெல்லக் கீழே வைத்தார்.  பிறகு சயோவைப் பார்த்து, "உன் அம்மா எப்பவும் இப்படித்தானா?" என்றார்.

"ஆமாங்க. கஷ்டம்தாங்க" என்றாள் சயோ.

"நம்ம வீட்டுல யாரும் எதையும் நேராச் சொல்றதில்ல. நீயாவது சொல்லு" என்று அந்த அம்மாள் பெட்டியைத் தூக்கிச் சீரின் நடுவில் வைத்தார். ஓரத்தில் இல்லை, நடுவில்.

உங்கள் கடிதம் அதற்குள்ளேதான் இருக்கிறது. கடிதப் பெட்டிக்கு முதல் கடிதம்.

22ஆம் தேதி கல்யாணம். ரயில் ஏற குராதா அண்ணனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஒன்று மட்டும்: வரும்போது கண்ணாடியைப் பார்த்து உடுத்திக்கொண்டு வராதீர்கள்.

மசுனோ


வாஜிமா
1956 ஏப்ரல் 19
தபால் அட்டை

மச்சினி,

உன் கடுதாசிய குராதா மூணு தடவை படிச்சான். 'அத்தானுக்கு'ங்கிற வரிய மட்டும் அஞ்சு தடவை படிக்க வெச்சேன். கண்ணாடி நான்தான் முதல்ல சொன்னேன், அத மறந்துடாத.

நாளன்னைக்கு ரயில் ஏறுறோம். நவோ தச்சுக் குடுத்த நல்ல கிமோனோவ எடுத்துப் போட்டுப் பாத்தேன். கண்ணு தெரியல, இவ்வளவு எழுதின அப்புறம் எனக்கே எது மேலன்னு குழம்பிப்போச்சு. வாசல்ல நின்னு போறவன் வர்றவனக் கேட்டேன், "ஏம்ப்பா, இடது மேலயா, வலது மேலயா?"ன்னு. கருவாட்டுக்காரி ஓதொமியக் கேட்டேன். குராதாவயும் கேட்டேன். எல்லாரும் சிரிச்சுட்டுப் போறாங்க. ஒருத்தனும் பதில் சொல்லல.

எதுக்கும் உன் வீட்டு வாசப்படியில நிக்கிறேன். நீ வந்து பாத்துச் சொல்லு, உசுரோடதான் வந்திருக்கேனான்னு.

தொமேசோ